எழுத்தறிவிப்பவரின் கல்வி: சப்ரகமுவத் தோட்டப் பாடசாலை ஆசிரியர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தோட்டப் பாடசாலை ஆசிரியருக்குப் பட்டக் கல்வியும் பட்டப்பின் கல்வியும் கிட்டுதல் வேண்டும் என்பது இன்று எவரும் மறுக்காத கோரிக்கையாகும். தொழிற்சங்கங்கள் அதனைப் பேசுகின்றன. கல்வித் திணைக்களங்கள் அதனை ஏற்கின்றன. ஆசிரியரும் பதவியுயர்வின் பொருட்டு அதனை நாடுகின்றனர். ஆயின், அக்கல்வியின் உள்ளடக்கம் யாதாக இருத்தல் வேண்டும் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. முதலாம் வகுப்பில் வந்து அமரும் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் ஒருவர், மொழி பற்றியும் எழுத்துப் பற்றியும் எதனை அறிந்திருத்தல் வேண்டும்? இவ்வினாவைச் சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களையும் முன்வைத்து ஆராய்வதே நமது நோக்கமாகும். மலையகக் கல்வி பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் நுவரெலியாவையும் அட்டனையுமே மையமாகக் கொள்வன. சப்ரகமுவவின் தனித்தன்மை அப்பொதுமைக்குள் மறைந்துவிடுகின்றது.

1

அத்தனித்தன்மையின் அடித்தளம் பொருளாதாரமே. மத்திய மலைநாட்டில் கோப்பியும், 1869இல் தோன்றிய இலைநோய் அதனை அழித்தபின் தேயிலையும், தொடர்ச்சியான பெருந்தோட்டப் பரப்புகளை உருவாக்கின. சப்ரகமுவவிலோ, தாழ்ந்த மலைச்சரிவுகளில் தேயிலையுடன் இறப்பரும் பரவியது. 1910ஆம் ஆண்டளவில் உச்சத்தை எட்டிய உலக இறப்பர் விலையேற்றம் அதனை விரைவுபடுத்திற்று. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை ஆகிய பகுதிகளின் தோட்டங்கள் பல சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறிக் கிடப்பன. லயத்தின் எல்லை முடியுமிடத்தில் கிராமத்து வயல் தொடங்குகின்றது.

இச்சிதறல் கல்வியில் நேரடியான விளைவுகளை ஏற்படுத்திற்று. ஒரு தோட்டத்துப் பிள்ளைகள் தொகையிற் சிலரே. ஆகவே பாடசாலையும் சிறிதே. ஆசிரியரும் பெரும்பாலும் ஒருவரே. உயர் வகுப்புகளைக் கொண்ட தமிழ்ப் பாடசாலை தொலைவில் இருந்தது. நடந்து செல்லும் தூரத்தில் இருந்ததோ பல இடங்களிற் சிங்களப் பாடசாலையே. நுவரெலியா மாவட்டத்திற் பிள்ளை தன் மொழிச் சமூகத்தின் நடுவே எழுத்தைக் கற்றது. சப்ரகமுவவில் அச்சமூகத்தின் விளிம்பில் நின்று கற்றது.

2

தோட்டத்தில் எழுத்தறிவு யாருடைய தேவையாக இருந்தது? கோப்பிக் காலத்தில், 1854இல் தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிஷன் சமயப் பரப்பலின் பொருட்டு வாசிப்பைக் கற்பித்தது. தோட்ட முதலாளித்துவத்துக்கோ எழுத்தறிவு பெற்ற தொழிலாளி வேண்டப்படவில்லை. கணக்குப்பிள்ளைக்குப் பெயர் எழுதத் தெரிந்தால் அதற்குப் போதுமாயிருந்தது.

1920ஆம் ஆண்டின் முதலாம் இலக்கக் கல்விச் சட்டம் இந்நிலையைத் தெளிவுறக் காட்டும் ஆவணமாகும். தோட்டத்தில் வதியும் தொழிலாளரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பை அது தோட்டத்துரை மீது சுமத்திற்று. பத்து வயதில் அப்பொறுப்பு முடிவடைந்தமை தற்செயலானதன்று. 1927ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ்க் கூலி ஆண், பெண், பிள்ளை என மூவகையாக வரையறுக்கப்பட்டது. கல்விச் சட்டம் விடுவித்த பிள்ளையைக் கூலிப் பட்டியல் ஏற்றுக்கொண்டது. இரு சட்டங்களையும் அருகருகே வைத்து வாசிப்போர்க்கு இது புலனாகும்.

இவ்வமைப்பில் ஆசிரியரின் நிலை யாது? அவர் துரையின் சம்பளம் பெறும் ஊழியர். பாடசாலை முடிந்தபின் தோட்ட அலுவலகத்துக்கும் கோயிலுக்கும் அவர் உதவினார். தொழிலாளருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர்களுக்கு வந்த கடிதங்களை வாசித்துக் காட்டினார். அவருடைய பயிற்சி பற்றி எவரும் கவலைப்படவில்லை. நான்காண்டு வாசிப்புக்கு மேல் வேண்டப்படாத இடத்தில், வாசிப்பைக் கற்பிக்கும் முறை பற்றிய அறிவு வீண்செலவாகவே கருதப்பட்டது. எனினும், எழுத்தின் மூலம் உலகத்துடன் தொடர்புகொள்ள வேண்டியிருந்த ஒரு சமூகத்தின் எழுதும் கையாக இருந்தவர் இவரே என்பதை நாம் மறத்தலாகாது.

3

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி இலங்கைச் சமூக வரலாற்றின் பெருநிகழ்வுகளுள் ஒன்று. ஆயின் தோட்டப் பாடசாலை அதன் பயனை உரியவாறு பெறவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் இம்மக்களை அரசியல் வலுவற்றோர் ஆக்கின. வாக்கில்லாதோருக்குப் பாடசாலை கட்ட எந்த அரசாங்கமும் விரையவில்லை. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியே விடப்பட்டன.

கேகாலை மாவட்டம் இடதுசாரி இயக்கத்தின் தொட்டில்களுள் ஒன்று. என். எம். பெரேரா 1936இல் ருவன்வெல்லவிலிருந்தும், சுதந்திரத்தின் பின் எட்டியாந்தோட்டையிலிருந்தும் தெரிவானவர். அம்மாவட்டத்திலேயே, 1946இல் நேவ்ஸ்மியர் தோட்டம் கிராம விஸ்தரிப்புக்காகச் சுவீகரிக்கப்பட்டு, அங்கு வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் வெளியேறப் பணிக்கப்பட்டன. அதனை எதிர்த்துத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் எழுந்தது. நிலமற்ற சிங்களக் கிராமத்தவனையும் நிலமற்ற தமிழ்த் தொழிலாளியையும் ஒரே தோட்டத்தின் பொருட்டு எதிரெதிராக நிறுத்திய முரண்பாட்டை இடதுசாரி இயக்கம் தீர்த்துவைக்க இயலவில்லை. நாம் சார்ந்து நிற்கும் சிந்தனை மரபின் வரலாற்றில் இதுவும் எழுதப்பட வேண்டியதே.

தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் தேசியமயமாக்கப்பட்டபின், 1977 தொடக்கம் பாடசாலைகள் கட்டங்கட்டமாக அரசின் பொறுப்புக்கு வந்தன. அதே 1977 ஆகஸ்ட் மாதத்திலும், மீண்டும் 1981 ஆகஸ்ட் மாதத்திலும், பின்னர் 1983 ஜூலையிலும் சப்ரகமுவத் தோட்டங்கள் வன்செயலுக்கு உட்பட்டன. 1981இல் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தன. அரசின் பாடசாலை வந்த வேளையில் பிள்ளைகளிற் பலர் சென்றுவிட்டனர்.

1980களிலிருந்து சுவீடிய உதவியும், பின்னர் ஜெர்மானிய உதவியும் தோட்டப் பாடசாலைகளுக்குக் கிடைத்தன. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையும், 1990களின் தொடக்கத்திற் பத்தனையில் எழுந்த ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் மலையக இளைஞரைப் பயிற்றப்பட்ட ஆசிரியராக்கின. இவ்விரண்டும் நுவரெலியா மாவட்டத்தில் உள்ளவை. 2014, 2015ஆம் ஆண்டுகளிலே, சப்ரகமுவ உட்பட்ட தோட்டப் பகுதிகளுக்கென 3,179 ஆசிரிய உதவியாளர் பதவிகள் உருவாக்கப்பட்டபோது, அவர்களுக்கு விதிக்கப்பட்ட மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாவாகும். முதலிற் கற்பித்து, பின்னரே கற்பிக்கக் கற்றுக்கொள்ளும் இம்முறை தோட்டத்துக்கு மீண்டும் மீண்டும் வருவது ஏன் என்பதைச் சிந்தித்தல் தகும். எழுத்தறிவைத் தோட்டத்துக்கு எவ்வளவு மலிவாக வழங்கலாம் என்னும் கணக்கு, துரையின் காலத்தோடு முற்றாக மறைந்துவிடவில்லை.

4

இனி மொழியை நோக்குவோம். தோட்டத்துப் பிள்ளையின் சொற்களே அதன் வரலாற்று ஏடுகள். அது வாழும் அறை ‘காம்பரா’. போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்த சொல். அதன் முன்திண்ணை ‘இஸ்தோப்பு’, ஒல்லாந்தச் சொல். காலையிற் பெற்றோர் சென்று நிற்பது ‘பெரட்டு’. இராணுவ அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. ‘கவ்வாத்து’, ‘கொழுந்து’, ‘பால்வெட்டு’, ‘ஒட்டுப்பால்’ என்பன உழைப்பின் சொற்கள். காம்பராவும் இஸ்தோப்பும் அயற்கிராமத்துச் சிங்களத்திலும் சிறு வேறுபாட்டுடன் வழங்குவன. மூன்று காலனித்துவங்களும் இரு மொழிச் சமூகங்களும் ஒரு பிள்ளையின் நாவிற் கூடியிருக்கின்றன. பாடநூல் ‘அறை’ என்கின்றது. ஆசிரியர் ‘காம்பரா’வைப் பிழையெனத் திருத்துகின்றார். பிள்ளை கற்கும் முதற் பாடம், தன் வீட்டின் பெயர் தவறானது என்பதே.

தமிழ் இரட்டை வழக்கு மொழி என்பதை, 1959இல் ஃபெர்குசன் அக்கருத்தை விளக்கியமைக்கு முன்பே நம் இலக்கணத்தார் உலக வழக்கு, செய்யுள் வழக்கு எனக் கூறி உணர்ந்திருந்தனர். எந்தத் தமிழ்ப் பிள்ளையும் பேச்சிலிருந்து எழுத்துக்குச் செல்ல ஒரு பாலத்தைக் கடக்கவே வேண்டும். சப்ரகமுவப் பிள்ளைக்கு அப்பாலம் நீளமானது. ஓர் எடுத்துக்காட்டுப் போதும். ‘கடை’, ‘தங்கை’, ‘நகை’ ஆகிய மூன்றிலும் ககர வரிசை எழுத்து ஒன்றே; ஒலிகள் மூன்று. சிங்கள நெடுங்கணக்கில் இவ்வொலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உள. கடைப்பலகைகளிலும் பேருந்துகளிலும் சிங்கள எழுத்தைக் கண்டு வளரும் பிள்ளை, ஓர் எழுத்தை மூவகையாக ஒலிக்க இடர்ப்படுமாயின், அதனை மந்தம் எனக் கொள்வது அறியாமையாகும். அங்கே நிகழ்வது இரு எழுத்து முறைகளின் சந்திப்பு. அதனை இனங்காணும் பயிற்சி ஆசிரியருக்கு வேண்டும்.

எழுத்தறிவைக் கற்போரின் உழைப்புலகிலிருந்து தொடங்குவது புதிய கருத்தன்று. 1963இற் பிரேசிலின் அங்கிகோஸ் என்னுமிடத்திற் பாவுலோ ஃபிரெய்ரே சுமார் 300 உழைப்பாளருக்கு எழுத்தறிவித்த முயற்சி நன்கறியப்பட்டது. கற்போரின் வாழ்விலிருந்து தேர்ந்த சொற்களே அவருக்கு அரிச்சுவடியாயின. ‘செங்கல்’ அவற்றுள் ஒன்று. வளர்ந்தோர்க்கான அம்முறையைப் பிள்ளைகளுக்கு அப்படியே பெயர்த்து நடுதல் பொருந்தாது. எனினும் அதற்கு முந்திய ஒரு வேலையை அது சுட்டுகின்றது: சொற்களைத் தேர்வதற்கு முன் ஆசிரியர் அம்மக்களின் பேச்சை ஆராய வேண்டியிருந்தது. எழுத்தறிவித்தலின் முதற்படி ஆய்வு. ஆசிரியரின் உயர்கல்வி இங்குதான் இன்றியமையாததாகின்றது.

5

இன்று சப்ரகமுவ ஆசிரியர் ஒருவருக்கு உயர்கல்வி வாயில்கள் முன்னரினும் கூடுதலாகத் திறந்துள்ளன. 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைத் தமிழிலும் நடத்துகின்றது. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய கல்வி நிறுவகம் ஆசிரியருக்குக் கல்விமாணிப் பட்டத்துக்கு வழிவகுத்தது. இரத்தினபுரி மாவட்டத்தின் பெலிஹுல்ஓயாவில் 1995 முதல் ஒரு பல்கலைக்கழகமே இயங்குகின்றது. தகைமை பெறுதல் வேண்டும். அது ஆசிரியரின் சம்பளமும் மதிப்புமாகும். ஆயின் கல்வித் தத்துவம், உளவியல், மதிப்பீடு என்னும் பொதுப் பாடங்களைக் கற்றுத் திரும்பும் ஒருவர், தம் வகுப்பின் ‘காம்பரா’வை இன்னமும் பிழையெனவே திருத்துவாராயின், அப்பட்டம் அவரை உயர்த்தியிருக்கலாம், பிள்ளையை உயர்த்தவில்லை.

இவ்விடத்துத் தமிழ்த்துறைகளின் பொறுப்பும் உண்டு. கைலாசபதி பேர்மிங்காமில் ஆற்றிய ஆய்வு 1968இல் நூலாகி, சங்கப் பாடல்களை வாய்மொழி மரபின் வெளிப்பாடாக நோக்கும் வழியைத் திறந்தது. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய பாணரின் வாய்மொழியை ஆராயக் கற்ற நாம், லயத்து இஸ்தோப்பில் இன்றும் ஒலிக்கும் வாய்மொழியை ஆராய்வதற்கு அதே கருவிகளை எடுத்துச் செல்லலாம். மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை இதற்கு முன்னோடி. அவரும் ஆசிரியராக இருந்தவர் என்பது நினைவுகூரத்தக்கது.

ஆகவே நாம் முன்வைப்பது இது. தோட்டப் பாடசாலை ஆசிரியருக்கான பட்டப்பின் கல்வியில் மூன்று பகுதிகள் கட்டாயமாதல் வேண்டும். முதலாவது, ஆசிரியர் தம் தோட்டத்துப் பேச்சு வழக்கைத் தாமே தொகுத்து ஆராய்தல். இரண்டாவது, தமிழ், சிங்கள எழுத்து முறைகளை ஒப்புநோக்கி, இருமொழிச் சூழலில் வாசிப்புப் பிறக்கும் முறையைக் கற்றல். மூன்றாவது, தாம் கற்பிக்கும் பாடசாலையின் சமூக வரலாற்றை எழுதுதல். இவற்றுக்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. தெஹியோவிட்டவிலோ பலாங்கொடையிலோ வார இறுதியில் கூடும் இருபது ஆசிரியரும், அவர்களிடம் வந்து செல்ல ஆயத்தமான ஒரு விரிவுரையாளரும் போதும்.

தமிழ்ப் பாடசாலையை விட்டுச் சிங்களப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோரைக் குறைகூறுவதில் பொருளில்லை. அவர்கள் மொழியைத் துறக்கவில்லை. அருகில் உள்ள நல்ல பாடசாலையைத் தேர்கின்றனர். அருகில் உள்ள தமிழ்ப் பாடசாலை நல்ல பாடசாலையாகுமாயின் அவர்களது தேர்வும் மாறக்கூடும். அங்கே பிள்ளையை வரவேற்கும் ஆசிரியர் அப்பிள்ளையின் மொழியை ஆழ்ந்து கற்றவராக இருத்தல் அதற்கு முதல் நிபந்தனை. அந்த நிபந்தனையை நிறைவேற்றும் கடன் பல்கலைக்கழகங்களுக்கு உரியது. தமிழ்ச் சங்கத்தாராகிய நாமும் அக்கடனிற் பங்காளிகளே.