கண்ணுக்கு ஒரு ‘ஸ்ரீ’, கணினிக்கு இரண்டு: விசைப்பலகையில் இல்லாத குறியீடுகளை எழுதுவது எப்படி?

வெப்பநிலையைக் குறிக்க வேண்டும், ஆனால் விசைப்பலகையில் பாகைக் குறி இல்லை. பலர் ஒரு பூச்சியத்தைத் தட்டி, அதைச் சிறிதாக்கி மேலே உயர்த்திவிட்டு வேலையை முடித்துவிடுகிறார்கள். அச்சில் வித்தியாசம் தெரியாது. அந்த வரியைப் பிரதி செய்து மின்னஞ்சலிலோ இணையத்தளத்திலோ ஒட்டும்போது உயர்த்தல் போய்விடும். 30 பாகை 300 ஆகிவிடும். மருந்தொன்றைச் சேமிக்க வேண்டிய வெப்பநிலையாக இருந்தால் இது சிரிப்புக்குரிய விடயமல்ல.

விண்டோஸ் கணினியில் சரியான வழி, ஆல்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி வலப்பக்க இலக்கப் பகுதியில் 0176 எனத் தட்டி, பிறகு ஆல்ட்டை விடுவது. ° வந்துவிடும். இதேபோல் 0163 என்றால் £, 0169 என்றால் ©, 0189 என்றால் ½, 0215 என்றால் ×. நம் லொக் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். மேல் வரிசை இலக்கங்கள் இதற்கு உதவா. முன்னால் உள்ள பூச்சியத்தையும் விட்டுவிடக் கூடாது. அது இல்லாவிட்டால் கணினி டொஸ் காலத்துப் பழைய அட்டவணைக்குப் போய், 176க்கு ░ என்ற புள்ளிப் பெட்டியைத் தரும்.

இலக்கப் பகுதி இல்லாத மடிக்கணினிகளில் விண்டோஸ் விசையுடன் முற்றுப்புள்ளியை அழுத்தினால் குறியீட்டுப் பலகை திறக்கும். மெக் கணினியில் கொன்ட்ரோல், கொமாண்ட், ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

தமிழுக்கும் இந்த வழி உண்டு. மைக்ரோசொஃப்ட் வேர்ட்டில் ஆல்ட்டுடன் 3065 தட்டினால் ௹ வரும். 3059 நாளைக் குறிக்கும் ௳, 3060 மாதத்துக்கான ௴, 3061 வருடத்துக்கான ௵. பழைய உறுதிகளையும் கணக்கேடுகளையும் கணினியில் ஏற்றுபவர்களுக்கு இவை தேவைப்படும். அங்கே ௧ என்ற எண்ணுக்குப் பதிலாக க என்ற எழுத்தைத் தட்டுவதுதான் வழக்கமான தவறு. வடிவம் ஏறத்தாழ ஒன்றுதான், ஆனால் கணினி அதை எண்ணாக எடுக்காது. எண் வேண்டுமென்றால் 3047.

நம்மவர்களை அதிகம் அலைக்கழிப்பது ஸ்ரீ. யுனிகோடில் தொடக்கத்தில் இதை ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி ஆகியவற்றைச் சேர்த்து எழுதினார்கள். 2005இல் வெளியான 4.1ஆம் பதிப்பில் ஶ என்ற எழுத்து சேர்க்கப்பட்டது. அதன் பிறகு ஸவுக்குப் பதிலாக ஶவில் தொடங்குவதே பொருத்தமான முறையாகக் கொள்ளப்பட்டது. ஆனால் பழைய முறையும் மறையவில்லை. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத்தான் தெரியும். விளைவு: ஒரு முறையில் பதிவான ஸ்ரீதரனை மறுமுறையில் தேடினால் பட்டியலில் அவர் இல்லை! இரண்டையும் ஒன்றாகக் கருதும்படி யுனிகோட் பரிந்துரைத்திருந்தாலும் எல்லா மென்பொருள்களும் அப்படிச் செய்வதில்லை. 1957இல் வாகன இலக்கத்தகடுகளுக்குச் சிங்கள ஸ்ரீ வந்தபோது தமிழரசுக் கட்சியினர் தமிழ் ஸ்ரீயை எழுதிப் போராடிய நாடு இது. அந்த எழுத்து இன்று தேடுபெட்டியில் இப்படி ஒளிந்து விளையாடுகிறது.

பாமினியில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஸ்ரீ சுலபம், சமக்குறி விசையே ஸ்ரீ. ஆனால் பாமினியில் ஆங்கில எழுத்துகளினதும் குறிகளினதும் இடங்களில்தான் தமிழ் வடிவங்கள் அமர்ந்திருக்கின்றன. காற்புள்ளி விசை ‘இ’ ஆகிவிடுகிறது. மின்னஞ்சல் முகவரி எழுத எழுத்துருவையே மாற்ற வேண்டும். பிறகு யுனிகோடுக்கு மாற்றும்போது எந்த ஸ்ரீ கிடைக்கும் என்பது மாற்றியைப் பொறுத்தது.

ராஜபக்ஷ என்பதிலும் இதே சிக்கல். க், ஷ இரண்டும் இணையாமல் இருக்கச் சிலர் இடையே கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறியொன்றைச் சேர்க்கிறார்கள். அதுவும் தேடலைக் குழப்பும்.

கையிலுள்ள ஸ்ரீ எது என்று பார்க்க, அதன் பின்னால் சுட்டியை வைத்து பேக்ஸ்பேஸை ஒரு தடவை மட்டும் அழுத்துங்கள். ஈகாரக் குறி நீங்கி, ஸ்ர அல்லது ஶ்ர என்று எழுத்துகள் பிரிந்து தெரியும். பெயர்ப்பட்டியல் தயாரிக்கும் அலுவலகங்கள் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்து, பழைய பதிவுகளையும் ‘தேடி மாற்று’ வசதியால் அதற்கே மாற்றிவிடலாம். அதுவரை ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால், இல்லை என்று பதில் சொல்வதற்கு முன் மற்ற ஸ்ரீயிலும் தேடிப் பார்க்க வேண்டும்.