31.25: ஓர் எண்ணின் பூர்வீகம்

ஹைதராபாத்தின் அமெச்சூர் வானொலி வரலாறு பெரும்பாலும் நிறுவனங்களின் கதையாகவும் பேரிடர்களின் கதையாகவுமே சொல்லப்படுகிறது. 1983-இல் தொடங்கிய தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனம், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது போர்ட் பிளேரிலிருந்து பாரதி பிரசாத் ஆற்றிய பணி ஆகிய இரண்டும் இல்லாமல் எந்தக் கட்டுரையும் முடிவதில்லை. இவை சொல்லப்பட வேண்டியவையே. ஆனால் மேசைமேல் இருக்கும் கருவியையும் ஓர் ஆவணமாகப் படிக்கலாம். கணினியையும் டிரான்ஸீவரையும் இணைத்து எழுத்துகளை அனுப்பும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்தக் கேள்விக்குச் செல்வாக்குள்ள விடையைத் தந்தவர் பீட்டர் மார்ட்டினெஸ் (அழைப்புக்குறி ஜி3பிஎல்எக்ஸ்). 1998 டிசம்பரில் பிஎஸ்கே31 முறையை வெளியிட்டபோதே அதன் வம்சாவளியையும் அவர் எழுதிவிட்டார். கட்டுரைத் தலைப்பிலேயே அதைப் புதிய ரேடியோ டெலிடைப் முறை என்றும் மரபான தத்துவம் கொண்டது என்றும் அறிவித்தார். அவர் வாதம் இது: ஆம்டார், பாக்கெட், பாக்டார் போன்ற பிழைதிருத்தும் முறைகள் அஞ்சல்பெட்டியில் செய்தி போட ஏற்றவை. இருவரோ நால்வரோ விசைப்பலகையில் உட்கார்ந்து பேசிக்கொள்ள அவை ஒத்துவருவதில்லை. ஒரு துண்டு அனுப்பு, ஒப்புதல் வரும்வரை காத்திரு, மீண்டும் அனுப்பு என்ற நடை பேச்சின் ஓட்டத்தை முறித்துவிடுகிறது. அதனால்தான் பழைய டெலிபிரிண்டர் முறையான ஆர்டிடிஒய் அழியாமல் நின்றது. தாம் அந்தப் பழைய பண்பையே குறுகிய அலைவரிசையில் புதுப்பித்ததாக மார்ட்டினெஸ் கருதினார்.

ஆம்டாரைக் கொண்டுவந்தவரே பிழைதிருத்தத்தின் எல்லையைச் சொல்வதால் இந்த வாதத்துக்குத் தனி எடை உண்டு. பேசும் முறையைப் பொறுத்தவரை அவர் சொல்வது சரி. 14.070 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பிஎஸ்கே31-இல் பேசிப் பார்த்த எவருக்கும் அது தெரியும். மறுமுனையில் இருப்பவர் தட்டச்சில் தயங்குவதுகூடத் திரையில் தெரிகிறது. ஆனால் இந்த வாசிப்பில் கணினிக்கு டெலிபிரிண்டரின் நாற்காலி மட்டுமே மிஞ்சுகிறது. பெட்டி மாறியது, பண்பு மாறவில்லை என்று ஆகிறது. இங்கேதான் நான் மாறுபடுகிறேன். அவர் தந்த எண்ணே அவர் தந்த வம்சாவளியை மறுக்கிறது.

அந்த எண் 31.25. ஒரு நொடிக்கு அனுப்பும் பிட்டுகளின் அளவு. ஒரு கல்வெட்டு வரியைப் பார்ப்பதுபோல இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பழைய டெலிபிரிண்டரின் வேகம் 45.45 பாட். ஒரு பிட்டுக்கு 22 மில்லிநொடி. அதன் தலைகீழ்தான் 45.45. மோட்டார் சுழலும் வேகமும் பற்சக்கரமும் விட்டுச்சென்ற எண் அது. 31.25-இல் எந்த மோட்டாரும் இல்லை. 8,000-ஐ 256-ஆல் வகுத்தால் வருவது அது. நொடிக்கு 8,000 மாதிரிகள் எடுக்கும் எண்ணியல் சமிக்ஞைக் கருவிகளில் இந்த வேகத்தை எளிதாகப் பெறலாம் என்று மார்ட்டினெஸே போகிறபோக்கில் சொல்கிறார். ஆகவே இதில் நான் கண்டுபிடித்த ரகசியம் ஏதுமில்லை. அந்த வரிக்கு உரிய கனத்தை அவரும் தரவில்லை, அவருக்குப் பின் எழுதியவர்களும் தரவில்லை என்பதே என் குறை.

எதிர்வாதம் ஒன்றை இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். கையால் தட்டச்சு செய்பவருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 சொல் போதும். அந்தத் தேவையே வேகத்தை முடிவுசெய்தது எனலாம். உண்மைதான். ஆனால் அந்தத் தேவை 30-ஐயும் ஏற்கும், 33-ஐயும் ஏற்கும். அது ஓர் இடைவெளியைத்தான் தருகிறது. குறிப்பிட்ட எண்ணைத் தருவதில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால் நிற்கும் 25 மனித விரலிலிருந்து வந்திருக்க முடியாது.

8,000 எங்கிருந்து வந்தது? தொலைபேசியிலிருந்து. பேச்சுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை போதும் என்று வைத்து, அதை எண்ணாக்க நொடிக்கு 8,000 மாதிரி என்று தொலைபேசித் துறை வகுத்தது. எண்ணியல் இணைப்பகங்களின் 64 கிலோபிட் தடம் அந்த 8,000-ஐ 8 பிட்டால் பெருக்கியது. அந்தக் கடிகாரத்துக்கென்று செய்த சில்லுகள் மலிந்தபின் அமெச்சூர்களின் கைக்கு வந்தன. ஆக, பிஎஸ்கே31-இன் தாய்வழி டெலிபிரிண்டர் அறை என்று மார்ட்டினெஸ் சொன்னால், அது தொலைபேசி இணைப்பகம் என்று நான் சொல்வேன்.

ஒரே எண்ணை வைத்து இவ்வளவு சொல்லலாமா என்று கேட்பவர்களுக்கு மேசையைக் காட்டுகிறேன். லோத்குண்டாவில், ராஜீவ் ரஹதாரியின் போக்குவரத்து இரைச்சல் எட்டும் ஒரு மாடி அறையில் என் நிலையம் இருக்கிறது. மொட்டை மாடியில் 20 மீட்டர் அலைவரிசைக்கு ஏறத்தாழ பத்து மீட்டர் நீளமுள்ள டைபோல் கம்பி. கீழே மடிக்கணினி, டிரான்ஸீவர், இரண்டுக்கும் நடுவே உள்ளங்கையளவு இன்டர்ஃபேஸ் பெட்டி. அந்தப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பவை 600 ஓம் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர்கள், போகும் ஒலிக்கு ஒன்று, வரும் ஒலிக்கு ஒன்று. மடிக்கணினி சார்ஜரில் இருக்கும்போது இவை இல்லாவிட்டால் இரண்டு கருவிகளின் எர்த்துக்கும் இடையே மின்னோட்டம் சுற்றி, வாட்டர்ஃபால் திரையில் ஒவ்வொரு சமிக்ஞையின் இருபுறமும் மெல்லிய கோடுகள் முளைக்கும். சார்ஜரைப் பிடுங்கினால் கோடுகள் மறையும். டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டால் சார்ஜர் இருந்தும் மறையும்.

600 ஓம் என்பது தொலைபேசித் தடத்தின் பழைய அளவு. அமெச்சூர்கள் இந்த டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிய இடம் தூக்கியெறியப்பட்ட டயல்-அப் மோடம். 1995 ஆகஸ்ட் 15-இல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபின் வீடுகளுக்குள் வந்த மோடம்கள், பிராட்பேண்ட் வந்ததும் கோட்டி குஜராத்தி கல்லி போன்ற மின்னணுச் சந்துகளில் வெறும் உதிரிபாகமாயின. வம்சாவளி வாதத்துக்கு இதைவிட நேரடியான பருப்பொருள் சான்று எனக்குத் தேவையில்லை.

மார்ட்டினெஸ் ஒதுக்கிவைத்த பாக்கெட் முறையும் இங்கே வேறு முகம் காட்டுகிறது. பாக்கெட்டின் 1,200 பாட் ஒலிகளான 1,200, 2,200 ஹெர்ட்ஸ் இரண்டும் பெல் 202 என்னும் தொலைபேசி மோடம் தரத்திலிருந்து எடுத்தவை. பாக்கெட்டுக்கென்று 1985-இல் வந்த டிஎன்சி-2 பெட்டிக்குள் இசட்80 செயலி கொண்ட முழுக் கணினியே இருந்தது. மைக் செப்போனிஸும் ஃபில் கார்னும் 1987-இல் வெளியிட்ட கிஸ் நெறிமுறை, அந்தப் பெட்டியின் மூளைவேலையைக் கணினிக்கு மாற்றியது. பேகாம் என்ற எளிய மோடம் வந்தபோது டிசிஎம்3105 என்ற ஒற்றைச் சில்லுதான் வெளியே மிஞ்சியது. சவுண்ட் கார்டு அந்தச் சில்லையும் விழுங்கியது. இந்தப் படிப்படியான உள்வாங்கலின் கடைசிப் படியில் நிற்பது பிஎஸ்கே31. பாக்கெட்டின் நடைமுறையை அது நிராகரித்தது. பாக்கெட் உருக்கிய கருவியைச் சுவீகரித்தது.

என் வாதம் வலுக்குறைந்து நிற்கும் இடமும் உண்டு. மார்ட்டினெஸுக்கு முன்னோடி போலந்தின் பாவெல் யாலோஹா, எஸ்பி9விஆர்சி. அவருடைய ஸ்லோபிபிஎஸ்கே முறை ஓடியது சவுண்ட் கார்டில் அல்ல, மோட்டரோலாவின் டிஎஸ்பி56002 சோதனைப் பலகையில். அப்படியானால் பாக்கெட் வழி நேராக இங்கே வந்து சேரவில்லை. நடுவே வேறொரு கிளை இருக்கிறது. ஆயினும் அந்தப் பலகையை மேசைமேல் வைத்துப் பாருங்கள்: வானொலிக்கும் கணினிக்கும் நடுவே தனிப்பெட்டி, கணினிப் பக்கம் சீரியல் கம்பி, வானொலிப் பக்கம் ஒலிக் கம்பி. டிஎன்சியின் உருவம் அப்படியே. உருவ ஒற்றுமை வம்சத் தொடர்பை முழுதாக நிறுவாது என்பதை ஒப்புக்கொண்டே, டெலிபிரிண்டரைவிட இது நெருங்கிய உறவு என்று உறுதியாகச் சொல்வேன். டெலிபிரிண்டருக்கும் வானொலிக்கும் நடுவே ஒரு பெட்டி இருந்ததுண்டு, ஆனால் அதற்குள் செயலி தேவைப்படவில்லை.

இந்திய ஆவணம் ஒன்றும் உதவிக்கு வருகிறது. 1978 அமெச்சூர் சேவை விதிகள் என்று இன்று புழங்கும் பாடத்தில் ஒலிபரப்பு வகைகள் ஏ1ஏ, ஜே3இ போன்ற குறிகளால் தரப்பட்டுள்ளன. இந்தக் குறிமுறையை வகுத்தது 1979 உலக வானொலி மாநாடு. நடைமுறைக்கு வந்தது 1982 ஜனவரி 1. ஆகவே நம் கையில் இருப்பது 1978-இல் இருந்தபடியே உள்ள பாடம் அல்ல. குறிகள் பின்னால் மாற்றப்பட்டவை. மாற்றம் 1979-க்கு முந்தியதாக இருக்க முடியாது, பெரும்பாலும் 1982-க்குப் பிந்தியது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். புதிய முறையில், அலையின் அதிர்வெண்ணையே நேராக நகர்த்தி அனுப்பும் டெலிபிரிண்டர் சமிக்ஞை எஃப்1பி. அதையே ஒலியாக்கி ஒற்றைப் பக்கப்பட்டை வழி அனுப்பினால் ஜே2பி. காற்றில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. பிறந்த வழியை மட்டும் முதல் இரண்டு குறிகள் நினைவில் வைத்திருக்கின்றன. ஒலியாக்கி அனுப்பும் வழக்கம் டெலிபிரிண்டர்க் காலத்திலேயே இருந்ததால், ஜே2பி என்ற குறியைக் கணினியின் முத்திரை என்று கொள்ளக் கூடாது. பேச்சுத் தடத்தின் முத்திரை என்று கொள்ளலாம். என் வாதத்துக்கு அது போதும்.

மார்ட்டினெஸின் எழுத்துக்குறி முறையான வேரிகோடிலும் அவர் சொல்லும் மரபு முழுமையாக இல்லை. டெலிபிரிண்டரில் எல்லா எழுத்துக்கும் ஐந்து பிட். வேரிகோடில் மோர்ஸைப் போல அதிகம் வரும் எழுத்துக்குக் குறுகிய குறி. ஆங்கில ‘இ’க்கு இரண்டே பிட். இடைவெளி இரண்டையும் சேர்த்தால் அது 0.128 நொடியில் போய்விடும். தமிழின் ‘க’ யுடிஎஃப்-8-இல் மூன்று பைட். நீட்டிய வேரிகோடில் பைட்டுக்கு 11 பிட், இடைவெளியோடு 13. ஆக 39 பிட், 1.25 நொடி. ‘கா’வுக்கு 2.5 நொடி. விசைப்பலகையில் சரளமாகப் பேசலாம் என்ற வாக்குறுதி எந்த மொழிக்குத் தரப்பட்டது என்பதையும் இந்தக் கணக்கு காட்டுகிறது.

தொலைபேசி வழி எதுவரை செல்லும்? ஜோ டெய்லரின் ஜேடி65 என்ற எண்ணியல் முறையில் வேகம் 2.69 பாட்; 11,025-ஐ 4,096-ஆல் வகுத்தது. 11,025 என்பது இசைத்தட்டின் 44,100-இல் கால்பங்கு. அங்கே தொலைபேசி விடைபெற்று இசைத்தட்டு வந்துவிடுகிறது. டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-இல் வெளியிட்டு, இன்று 14.074-ஐ நிறைத்திருக்கும் எஃப்டி8-இன் வேகம் 6.25 பாட், 12,000-ஐ 1,920-ஆல் வகுத்தது. 6.25 என்பது 31.25-இல் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. இதைக் கண்டதும் நேர்வாரிசு என்று எழுதத் தோன்றும். ஆனால் 8,000, 12,000 இரண்டும் சவுண்ட் கார்டின் 48,000-ஐ மிச்சமின்றி வகுப்பவை. அந்தப் பொதுக் காரணம் ஒன்றே இப்படியொரு விகிதத்தைத் தந்துவிடும். எனவே இந்த ஒற்றுமையை நான் சான்றுகளில் சேர்க்கவில்லை.