இடை அலைகளுக்கு ஒரு சத்திரம்

ஹானோவர் நகருக்கு அருகிலுள்ள எய்ல்வேஸெ கிராமத்திலிருந்து நியூ ஜெர்ஸியின் டக்கர்ட்டனுக்கு, 1914-ஆம் ஆண்டில், உலக யுத்தம் மூளுவதற்குச் சற்று முன்பு, அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டிச் சென்ற கம்பியில்லாத் தந்தியின் பின்னால், வானொலிச் சாஸ்திரம் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்தே பூரணமாகச் சூத்திரப்படுத்திக்கொண்ட ஒரு தத்துவம் கனத்த இரும்பின் உருவில் சுழன்றுகொண்டிருந்தது.

அந்த இயந்திரத்தை வகுத்தவர் ரூடால்ஃப் கோல்ட்ஷ்மிட் என்ற ஜெர்மானிய எஞ்சினியர். நெடுந்தூரத் தந்திக்கு வேண்டியிருந்ததோ வினாடிக்குப் பல்லாயிரம் அலைவுகள். பெருஞ்சக்தி தரும் இரும்பு மின்னாக்கியோ அவ்வளவு வேகத்துக்கு எளிதில் இணங்குவதில்லை. அமெரிக்காவில் அலெக்ஸாண்டர்சன் வேகத்தையே கூட்டி அவ்விலக்கை நேரடியாக எட்ட முயன்றார். கோல்ட்ஷ்மிட்டின் யுக்தி வேறு. சுழலியில் முதலில் பிறக்கும் மின்னோட்டத்தை ஏரியலுக்கு அனுப்பிவிடாமல், அந்த ஓர் அதிர்வெண்ணுக்கு மட்டும் தடையை ஏறக்குறைய இல்லாமற் செய்கிற ஒத்ததிர்வுச் சுற்றில் தாராளமாக ஓடவிட்டால், அதன் காந்தப் புலம் சுழற்சியோடு கூடி நிலையியில் இருமடங்கு அதிர்வெண்ணைத் தூண்டும். அதையும் அவ்விதமே நிலையிக்குள் ஓடவிட்டால் சுழலியில் மும்மடங்கு பிறக்கும். அதிலிருந்து நிலையியில் தோன்றும் நான்மடங்குதான் ஏரியலைச் சேரும். இடை அலைகள் வழிப்போக்கர்களைப் போன்றவை. அவற்றுக்குக் கதவடைப்பதை விட்டுச் சத்திரம் கட்டிவைத்ததே அவருடைய மேதை. சுழலிக்கும் நிலையிக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு; வேகம் சற்றே பிசகினாலும் எல்லாச் சுற்றுகளும் ஏககாலத்தில் சுருதி விலகிவிடும் என்பதை நினைத்தால், அதை நிர்வகித்தவர்களின் மீது அனுதாபமே உண்டாகிறது.

பின்னர் வால்வு வந்தது. குவார்ட்ஸ் படிகத்தின் நிதானமான அதிர்வை இருமடங்கு, மும்மடங்காக்க, துடிப்புத் துடிப்பாகப் பாயும் ஆனோடு மின்னோட்டத்தில் ஹார்மானிக்குகள் எனப்படும் மடங்கு அலைகள் எல்லாம் முன்னரே கலந்திருந்தமையால், வேண்டியதற்கு ஒரு சுற்றை இசைத்தாலே போதுமானதாயிற்று, மற்றவை வீணாயின.

பழைய தத்துவத்துக்கு மறுபடி அவசியம் நேர்ந்தது குறைகடத்தி டையோடுகளால்தான். நேரியல்பற்ற மின்தடையைக் கொண்டு பெருக்கினால் மும்மடங்கு அலையில் உள்ளீட்டுச் சக்தியின் ஒன்பதில் ஒரு பங்குக்கு மேல் கிடைக்காது என்று 1956-இல் பேஜ் நிறுவினார். அதே ஆண்டில் மான்லியும் ரோவும், நஷ்டமற்ற மின்தேக்கியாயின் கொள்கையளவில் முழுச் சக்தியையும் மாற்றிவிடலாம் என்பதற்கு வழிகோலினர். ஆனால் அத்தகைய மின்தேக்கியாகப் பயன்பட்ட டையோடான திடீர்ச் சந்தி வாரக்டரின் இயல்பு இருபடி விதிக்கு உட்பட்டதாகையால், அது நேராக இரண்டாம் ஹார்மானிக்கையே தரும். மூன்றாவது வேண்டுமானால் இரண்டாம் ஹார்மானிக் டையோடினூடே தடையின்றி ஓடி முதலாவதோடு கலக்கவேண்டும். அதற்கென்று அமைத்த ஒத்ததிர்வுச் சுற்றையே ஐட்லர் என்றார்கள். பென்ஃபீல்டும் ரஃபூஸும் 1962-இல் வெளியிட்ட நூலும், 1965-இல் பர்க்ஹார்ட் எழுதிய கட்டுரையும், மூலத்துக்கும் சுமைக்கும் எவ்வளவு இம்பீடன்ஸ் பொருத்தவேண்டும் என்பதைக் கணக்கிட்டு அட்டவணையாகத் தந்தன.

எனினும் அட்டவணை பாதி வழிக்குத்தான் துணை. உள்ளீட்டைத் திருத்தினால் டையோடின் சராசரிக் கொள்ளளவு மாறி ஐட்லர் விலகும். ஐட்லரைத் திருத்தினால் வெளியீடு குலையும். ஆகவே கணக்கிட்ட மதிப்பிலிருந்து தொடங்கி, உள்ளீடு, ஐட்லர், வெளியீடு ஆகிய மூன்றின் திருகுகளையும் மாறி மாறிச் சிறுகச் சிறுகத் திருப்பி, வெளியீட்டு மானி உச்சத்தில் நிலைக்கும்வரை பரிசோதனைச்சாலையில் உட்கார்ந்திருக்கவேண்டியதாயிற்று.