மண்ணை விட்டுத் தேங்காய் நார்த்தூளுக்கு மாறுவோர் கவனத்திற்கு

மேரு – கிள்ளான் நகருக்கு வடக்கே காப்பார் செல்லும் வட்டாரத்தில் தொழிற்சாலைகளும் வீடமைப்புப் பகுதிகளும் பெருகிவிட்டன. ஆனாலும் மிளகாய், கத்தரி, வெண்டை பயிரிடும் பழக்கத்தைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் இன்னும் விடவில்லை. வீட்டின் பின்புறத்தில் பத்துப் பைகளை வைத்திருப்போரும் உண்டு, சிறிய நிலத்தில் மழைக்கூரை போட்டு ஆயிரம் பைகள் வரை வளர்ப்போரும் உண்டு. இவர்களில் பலர் இப்போது மண்ணை விட்டு, கொக்கோபீட் எனப்படும் தேங்காய் நார்த்தூளுக்கு மாறுகின்றனர். மாறும் முறை தெரியாததால் முதல் பயிரிலேயே முதலைத் தொலைப்பவர்களும் இருக்கிறார்கள். மண்ணுக்குப் பார்த்த பக்குவத்தையே நார்த்தூளுக்கும் பார்ப்பதுதான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

ஏன் மாறுகிறார்கள்?

கிள்ளான் கரையோர நிலம் பெரும்பாலும் கடல் களிமண், சில இடங்களில் கரிமண். களிமண்ணைப் பையில் நிரப்பினால் சில வாரங்களில் இறுகிவிடும். அடியில் நீர் தேங்கி, வேருக்குக் காற்று கிடைக்காது. வெயில் காலத்தில் அதே மண் வெடித்துப் பைச் சுவரை விட்டு விலகும். அப்போது ஊற்றும் நீர் வேரைத் தொடாமல் ஓரமாக ஓடிவிடும்.

அடுத்தது வாடல் நோய். மிளகாய், தக்காளி, கத்தரி மூன்றும் ஒரே குடும்பம். இவற்றை ஒரே மண்ணில் திரும்பத் திரும்ப நட்டால், வாடல் நோயை உண்டாக்கும் பாக்டீரியா மண்ணில் பெருகிவிடும். காலையில் நன்றாக நின்ற செடி மதியம் தலை சாய்ந்து, சில நாளில் பச்சையாகவே பட்டுப்போகும். மருந்தடித்து அதைக் காப்பாற்ற முடியாது. புது நார்த்தூளில் இந்தக் கிருமி பொதுவாக இருப்பதில்லை.

நில உரிமை மற்றொரு காரணம். சிறு விவசாயிகள் பலர் டி.ஓ.எல் எனப்படும் தற்காலிக நில அனுமதியில் பயிரிடுகின்றனர். தேசிய நிலச் சட்டத்தின்படி அந்த அனுமதி, தொடங்கிய ஆண்டின் டிசம்பர் இறுதிக்கு மேல் செல்லாது, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கப்படாவிட்டால், பல ஆண்டுகளாக எருவிட்டுப் பண்படுத்திய மண் அங்கேயே போய்விடும். பையும் குழாயும் கூரைக் கம்பியும் வண்டியில் ஏறும். தோட்டம் மூடப்பட்டபோது வளர்த்த மரங்களையும் காய்கறிப் பாத்திகளையும் விட்டுவிட்டு வந்த மக்களுக்கு இதன் அருமையை விளக்கத் தேவையில்லை.

நார்த்தூள் என்பது என்ன?

தேங்காய் மட்டையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நார், மற்றது தூள். கயிறும் மெத்தையும் செய்ய நாரை எடுத்த பிறகு, இந்தத் தூள் ஆலைகளின் ஓரத்தில் மலைபோல் குவிந்து கிடந்த காலம் உண்டு. கேரளாவிலும் பொள்ளாச்சி வட்டாரத்திலும் இலங்கையிலும் குப்பையாகக் கருதப்பட்ட அந்தத் தூள், இன்று கட்டியாக அழுத்தப்பட்டு உலகம் முழுவதும் ஏற்றுமதியாகிறது. மலேசியாவில் பாகான் டத்தோ, சபாக் பெர்ணம், பத்து பகாட் போன்ற தென்னை வட்டாரங்களிலிருந்தும் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘காயர்’ என்ற பெயர் மலையாளத்துக் ‘கயர்’ என்பதிலிருந்து வந்தது. அது நம் ‘கயிறு’ என்ற சொல்லின் உறவு.

மார்டி ஆய்வுக் கழகமும் விவசாய இலாகாவும் ‘பெர்திகாசி’ முறையைப் பரப்பிய பிறகு, இந்நாட்டு மிளகாய் விவசாயிகளிடையே நார்த்தூள் பெயர் பெற்றது. உரத்தை நீரில் கரைத்து, சொட்டுக் குழாய் வழியாக ஒவ்வொரு பைக்கும் கொடுப்பதே பெர்திகாசி.

மண்ணில் சத்து உண்டு, உயிர் உண்டு. ஒருநாள் உரம் தவறினாலும் செடியை அது தாங்கும். நார்த்தூளில் செடி வளரப் போதுமான சத்து எதுவும் இல்லை. அது வேரைப் பிடித்துக்கொள்ளும், நீரைத் தேக்கும், காற்றுக்கு இடம் விடும். செடிக்குத் தேவையான உணவு முழுவதையும் வளர்ப்பவர்தான் நாள்தோறும் கொடுக்க வேண்டும்.

முதல் வேலை: உப்பை நீக்குதல்

மட்டையில் இயற்கையாகவே சோடியமும் பொட்டாசியமும் அதிகம். சில இடங்களில் மட்டையை உவர்நீரில் ஊறவைப்பதால் உப்பு இன்னும் கூடும். கழுவாத தூளில் நட்டால் இலை நுனி கருகி, நாற்று வளராமல் நின்றுவிடும். விலை மலிவான தூளில் இந்த ஆபத்து அதிகம்.

வெறும் நீரில் இரண்டு மூன்று முறை கழுவினால் கரையும் உப்பு போய்விடும். ஆனால் தூளின் துகள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியமும் பொட்டாசியமும் அப்படிப் போகாது. அவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கால்சியம் உட்கார வேண்டும். 5 கிலோ கட்டி ஒன்றுக்குச் சுமார் 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டை நீரில் கரைத்து, அதில் தூளை ஓரிரவு ஊறவைத்து, வடித்து, மீண்டும் நல்ல நீரில் அலச வேண்டும். இதைச் செய்யாமல் நட்டால், ஊற்றும் உரத்திலுள்ள கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தூளே பிடித்துக்கொள்ளும், செடிக்குப் பற்றாக்குறை ஏற்படும். ‘பதப்படுத்தியது’ என்று விற்கும் தூளுக்கு இந்த வேலை தேவைப்படாது.

ஐயம் இருந்தால் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கலாம். கழுவிய தூளில் ஒரு பிடி பச்சைப் பயற்றை விதைத்து, பக்கத்தில் மண்ணிலும் ஒரு பிடி விதைக்க வேண்டும். தூளில் முளைப்பு குறைந்தாலோ வேர் பழுத்தாலோ உப்பு இன்னும் போகவில்லை என்று கொள்ளலாம்.

எவ்வளவு தேவை?

5 கிலோ கட்டி நீரில் ஊறினால் சுமார் 60 முதல் 70 லிட்டர் தூளாகும். மிளகாய்ச் செடி ஒன்றுக்கு 10 லிட்டர் என்று கணக்கிட்டால் ஒரு கட்டி ஆறு பைகளுக்கு வரும். 50 செடிகளுக்கு எட்டு அல்லது ஒன்பது கட்டிகள் போதும். பொடித் தூளை மட்டும் நிரப்பாமல், கொஞ்சம் நாரோ சிறு மட்டைத் துண்டுகளோ கலந்தால் அடிப்பகுதியில் நீர் கட்டாது. பையின் அடியிலும் ஓரத்திலும் துளைகள் இருக்க வேண்டும். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மீதோ விரிப்பின் மீதோ வைப்பது நல்லது. வேர் துளை வழியாக மண்ணில் இறங்கினால், மண்ணிலுள்ள வாடல் நோய் செடிக்கு ஏறிவிடும்.

நீரும் உரமும்

மண்ணுக்குக் காலை ஒருமுறை, மாலை ஒருமுறை நீர் ஊற்றிப் பழகியவர்கள் இங்கே பழக்கத்தை மாற்ற வேண்டும். நார்த்தூளுக்குச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுப்பதே முறை. மணிக்கு 2 லிட்டர் சொட்டும் குழாயை ஐந்து நிமிடம் திறந்தால் சுமார் 165 மில்லி லிட்டர் நீர் விழும். ஒரு நாளில் ஆறு முறை திறந்தால் செடிக்கு ஒரு லிட்டர் கிடைக்கும். காய் பிடிக்கும் பருவத்தில் அதற்கும் மேல் தேவைப்படும். கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை பையின் அடியில் வடிய வேண்டும். ஒன்றுமே வடியவில்லை என்றால் உள்ளே உப்பு சேர்கிறது என்று பொருள்.

உரம் ‘ஏ’, ‘பி’ என இரண்டு கலவைகளாக விற்கப்படுகிறது. ‘ஏ’ கலவையில் கால்சியம் இருக்கும், ‘பி’ கலவையில் சல்பேட்டும் பாஸ்பேட்டும் இருக்கும். இரண்டையும் கெட்டியான நிலையில் ஒன்றாக ஊற்றினால் சுண்ணாம்புபோல் படிந்து, சத்தும் வீணாகும், குழாயும் அடைக்கும். தொட்டியை நீரால் நிரப்பி, முதலில் ஒன்றைக் கரைத்துக் கலக்கிய பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும்.

கண்ணால் பார்த்து உரத்தின் அளவைச் சொல்ல முடியாது. நீரில் கரைந்துள்ள உப்பை அளக்கும் இ.சி. மீட்டரும், புளிப்புத் தன்மையை அளக்கும் பி.எச். மீட்டரும் அவசியம். மிளகாய்க்கு நாற்றுப் பருவத்தில் இ.சி. 1.2 முதல் 1.5 வரையிலும், பூக்கும்போது 2 அளவிலும், காய்க்கும்போது 2.5 வரையிலும் இருக்கலாம். பி.எச். 5.5க்கும் 6.5க்கும் இடையே இருக்க வேண்டும். வடிநீரையும் வாரம் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். ஊற்றியதைவிட வடிந்ததில் இ.சி. மிகவும் கூடியிருந்தால், இ.சி. குறைந்த நீரைக் கூடுதலாக விட்டு அலச வேண்டும்.

கூரை எதற்கு?

குளிர்நாடுகளில் பசுமைக்குடில் வெப்பத்தைத் தேக்குவதற்கு. நம் நாட்டில் அது மழையைத் தடுப்பதற்கு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. திறந்தவெளியில் ஒரு மாலை மழை போதும், பையிலுள்ள உரம் முழுவதும் கழுவிப் போய்விடும். பக்கங்களை மூடிவிட்டால் உள்ளே வெப்பம் கூடிப் பூ உதிரும். ஆகவே கூரை உயரமாகவும் பக்கங்கள் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும்.

நார்த்தூள் தீர்க்காத சிக்கல்கள்

இலைச்சுருட்டு நோயை வெள்ளை ஈ பரப்புகிறது. அது காற்றில் வருவது, மண்ணை மாற்றினால் போகாது. பூச்சி வலையும், இலையின் அடிப்பக்கத்தை வாரந்தோறும் பார்ப்பதும், நோய் கண்ட செடியை உடனே அகற்றுவதும்தான் வழி.

மின்சாரம் தடைப்பட்டு நீரேற்றி நின்றால், உச்சி வெயிலில் சில மணி நேரத்திலேயே செடி வாடும். ஆயிரம் பை வைத்திருப்பவருக்கு நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டர் நீராவது தேவை. உயரத்தில் ஒரு தொட்டி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

பழைய தூளை வேர் நீக்கி, அலசி, இரண்டு மூன்று பயிர் வரை பயன்படுத்தலாம். வாடல் நோய் கண்ட பையின் தூளை மட்டும் மீண்டும் பயன்படுத்தவே கூடாது. ஒரு பையில் வடிந்த நீரை இன்னொரு பைக்குத் திருப்பி விடுவதும் ஆபத்து. கழித்த நல்ல தூளைக் காய்கறிப் பாத்தியில் எருவோடு கலந்துவிடலாம்.

மாறுவதற்கு முன்

வீட்டுத் தேவைக்காக நான்கு தொட்டிகளில் கறிவேப்பிலையும் பண்டான் இலையும் வளர்ப்பவர்களுக்கு மண்ணே போதும். மீட்டரும் உரக் கலவையும் வாங்குவது வீண் செலவு. கீரைக்கும் நல்ல எருவிட்ட மண் குறையொன்றும் வைக்காது. விற்பனைக்காக மிளகாய், தக்காளி, வெள்ளரி பயிரிடுவோர், வாடல் நோயால் ஏற்கெனவே இழப்பைக் கண்டோர், நில அனுமதி உறுதியில்லாதோர் ஆகியோருக்குத்தான் இந்த மாற்றம் பலன் தரும்.

அவர்களும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம். மண்ணில் பயிர் நிற்கும்போதே பக்கத்தில் இருபது பைகளில் நார்த்தூளை வைத்து ஒரு பருவம் முழுவதும் வளர்த்துப் பார்க்கலாம். ஊற்றிய நீர், இ.சி., பறித்த காயின் எடை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். சந்தேகம் ஏற்பட்டால் அந்த நோட்டோடு மாவட்ட விவசாய அலுவலகத்தை அணுகலாம். அடுத்த பருவத்தில் எத்தனை பைகள் போடுவது என்பதை அந்தக் கணக்கை வைத்து முடிவு செய்வதே கைமுதலைக் காக்கும்.