சிசிலியில் ஒரு முசுறு

பலெர்மோ நேயர்களே, ஊரில் மாமரத்தில் ஏறி முசுறிடம் கடி வாங்காதவர் நம்மில் குறைவு. அந்த முசுறின் உறவு ஒன்று இத்தீவிலும் வாழ்ந்து அழிந்திருக்கிறது.

கத்தானியாவுக்குத் தெற்கே சிமெத்தோ ஆறு கடலில் கலக்கும் கரையில் அம்பர் ஒதுங்கும். பண்டைய மரங்களின் பிசின் இறுகிக் கல்லானதுதான் அம்பர். வயது கோடி ஆண்டுக் கணக்கு. பொலோஞ்ஞா பல்கலைக்கழகக் கனிம அருங்காட்சியகத்தில் இருந்த சிசிலி அம்பர் துண்டுகளுக்குள் அகப்பட்ட எறும்புகளை விலங்கியல் பேராசிரியர் கார்லோ எமெரி ஆராய்ந்து, 1891இல் எழுதினார். ஒன்றுக்கு அவர் இட்ட பெயர் ஈக்கோஃபில்லா சிகுலா, அதாவது சிசிலி முசுறு. ஈக்கோஃபில்லா என்பது வீடு, இலை என்ற இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை.

நம் முசுறுகள் புழுக்களை வாயில் கவ்வி, அவை விடும் பட்டு நூலால் இலைகளை ஒட்டிக் கூடு கட்டுகின்றன. சிசிலி முசுறும் அப்படிக் கட்டியதா? அம்பர் எறும்பைக் காட்டுகிறது, கூட்டைக் காட்டவில்லை.

இன்று முசுறுகள் ஆபிரிக்காவிலும், இந்தியா, இலங்கை முதல் ஆஸ்திரேலியா வரையிலும் உண்டு. ஐரோப்பாவில் இல்லை. சிசிலி அம்பர் எறும்புகளின் சொந்தங்கள் நம் பக்கத்தில்தான் என்பதை எமெரியே கண்டுகொண்டார்.

இப்போது சிசிலியில் மாமரமும் வளர்க்கிறார்கள். ஏறிப் பறிக்கலாம், கடிக்க முசுறு இல்லை.