கறுப்பு ஜாக்கோபின்கள்

டிரினிடாட்டில் பிறந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ் (1901–1989) எழுதி 1938இல் வெளியான வரலாற்று நூல். பிரெஞ்சுக் குடியேற்றமான சான் தொமிங்கில் 1791 ஆகஸ்டில் வெடித்து, 1804 ஜனவரி 1 அன்று ஹெயிட்டி விடுதலையில் முடிந்த அடிமைகளின் புரட்சியையும், அதன் தலைவர் துசேன் லூவெர்த்தூரையும் இது ஆராய்கிறது.

அடிமைகள் மீது இரக்கம் கோரும் நூலன்று இது. அவர்களே வரலாற்றைச் செய்தவர்கள் என்று நிறுவுகிறது. கரும்புத் தோட்டங்களிலும் சர்க்கரை ஆலைகளிலும் நூற்றுக்கணக்கில் சேர்ந்து உழைத்ததால், அக்காலத் தொழிலாளர் எவரையும்விட அவர்கள் நவீனப் பாட்டாளிகளுக்கு நெருங்கியிருந்தனர் என்பது ஜேம்ஸின் அடிப்படை வாதம். அடிமையாகப் பிறந்த துசேனின் மேதைமையை மனமாரப் போற்றும் அவர், வீழ்ச்சியையும் மறைக்கவில்லை. பிரான்சை நம்பிய துசேன், தன் கொள்கையை மக்களுக்கு விளக்கவில்லை. அவர்கள் பக்கம் நின்ற தளபதி மொயிஸைச் சுட்டுக்கொல்லச் செய்தார். 1802இல் கைதாகி, மறு ஆண்டு பிரான்சின் ஷூ கோட்டைச் சிறையில் இறந்தார். விடுதலையை அறிவித்தவர் அவருடைய தளபதி தெசலீன்.

நாயகனைத் தெய்வமாக்காத இந்த நேர்மையே நூலின் தலையாய வலிமை. 1963 பதிப்பில், துசேனிலிருந்து ஃபிடல் காஸ்ட்ரோ வரை கரீபிய வரலாற்றைத் தொடரும் பின்னிணைப்பை ஜேம்ஸ் சேர்த்தார்.