பரன் என்றொரு பாட்டன் இல்லை

முன்னோரைத் தேடப் புறப்படுவோரின் கைபேசிக்கு முதலில் வந்து சேர்வது ஒரு பட்டியல்: நாம், தந்தை, பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன், பரன். ஏழாம் தலைமுறைப் பரனும் பரையும் சேர்ந்து 'பரம்பரை' ஆயிற்றாம். சொல்லச் சுவையாகத்தான் இருக்கிறது, சான்றுதான் இல்லை.

தொல்காப்பியத்தில் சேயோன் குறிஞ்சித் தெய்வம். தேவாரத்தில் பரன் சிவபெருமான். பரை என்பது சைவ நூல்களில் அவன் சத்தி. இவர்களைப் பாட்டன்மார் வரிசையில் வைத்த பழைய நூல் எது? பரம்பரை வடசொல். ஒன்றன்பின் ஒன்றாக வருவது என்பதே அதன் பொருள். வைணவர் ஆசாரியர் வரிசையைக் குருபரம்பரை என்றதும் அப்பொருளிலேயே. குருவுக்கும் சீடனுக்கும் நடுவே பூட்டன் எங்கே, ஓட்டன் எங்கே? இம்மறுப்பு போதும்.

வம்சவழி தேடுவோர் பற்றிக்கொள்ள வேண்டிய சொல் பேரன். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று; வியர்வை வேர்வை ஆனது போல. பெயர்த்தி பேத்தி ஆனாள். பாட்டன் பெயரைத் தாங்கியவன் பெயரன். நற்றிணை 40-இல் பிறந்த குழந்தை தலைவனுடைய தந்தையின் பெயரன். ஐங்குறுநூறு 403-இல் சிறுதேர் உருட்டும் பிள்ளையும் அப்படியே. யாழ்ப்பாணத்தார் பாட்டனையே பேரன் என்பர், பாட்டியைப் பேத்தி என்பர். அங்குப் பேரன் என்பது 'பெரியவன்' ஆகலாமே எனின், அற்றன்று; அப்படியானால் பேத்தி என்ற பெண்பாற் சொல்லுக்கு வழியில்லை. பெயர் இருவருக்கும் பொது. ஆகவே சொல்லும் இருவருக்கும் பொதுவாயிற்று.

மருகன் என்ற சொல்லையும் இங்கே பார்க்கலாம். புறநானூறு 37-இல் கிள்ளிவளவன் செம்பியனின் மருகன், அதாவது வழித்தோன்றல். இன்று அச்சொல் மருமகன் அளவில் சுருங்கிவிட்டது. பேரன் என்ற சொல்லோ, பாட்டனைக் குறித்தாலும் பேரனைக் குறித்தாலும், பெயர் என்ற அடியை விடாமல் நிற்கிறது.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் இச்சொல்லுக்குத் துணை நிற்கிறது. முதற் பராந்தகன் மகன் அரிஞ்சயன். அரிஞ்சயன் மகன் சுந்தர சோழனே இரண்டாம் பராந்தகன். இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களைச் சோழர் மாறி மாறிப் புனைந்ததிலும் இம்முறையின் சாயலையே காண்கிறேன். அரண்மனையில் மட்டுமா? முத்தையா மகன் சுப்பையா, சுப்பையா மகன் முத்தையா என்று போகும் நிலப்பத்திரங்கள் எத்தனை குடும்பங்களில் உள்ளன! இரண்டு முத்தையாக்களை ஒருவராக எண்ணிவிட்டால் இடையில் இரண்டு தலைமுறை மறைந்துபோகும்.

ஆகவே முன்னோரைத் தேடுவோர் பரனை விட்டுவிட்டுப் பத்திரத்தை எடுங்கள். ஒரே பெயர் மீண்டும் வந்தால் ஆண்டைப் பாருங்கள். தமிழர் குடிவழியைப் பெயரில்தான் எழுதி வைத்தனர் என்பது என் துணிபு.